லினக்ஸ் கணினியில் ஒரே நேரத்தில் பல புளூடூத் ஹெட்செட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் நிரல்கள், கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பாதி எழுதிவிட்டு டேப் விசையை அழுத்தினால் பெரும்பாலும் மீதி தானே நிரம்பிவிடும்.

ஒரே கணினியில் இரண்டு புளூடூத் ஹெட்செட்டுகளில் ஒரே பாட்டைக் கேட்க முடியுமா?

முடியும். இரண்டையும் தனித்தனியாக இணைத்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டு ஒலிவெளியீட்டை உருவாக்கினால் போதும். லினக்ஸில் இந்த வசதி பழைய ஒலிச்சேவையான பல்ஸ்ஆடியோ காலத்திலேயே வந்துவிட்டது. அதன் இடத்துக்கு இப்போது வந்துள்ள பைப்வயரிலும் அதே கட்டளை வேலை செய்கிறது.

மென்பொருள் பக்கம் ஐந்து நிமிட வேலைதான். சிக்கல் வருவதெல்லாம் வானலையில். கணினியில் புளூடூத்தைக் கையாளும் பாகமான அடாப்டரிடம் ஒரே ஒரு ரேடியோதான் இருக்கிறது. அதன் நேரத்தைத்தான் எல்லா ஹெட்செட்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒலி விட்டுவிட்டு வருவதற்கும் இரண்டாவது ஹெட்செட் வந்ததும் முதலாவது கரகரப்பதற்கும் பெரும்பாலும் இந்தப் பங்கீடுதான் காரணம்.

என் ஹெட்செட்டில் மல்டிபாயின்ட் இருக்கிறது. அது இதற்கு உதவுமா?

உதவாது. ஒரு ஹெட்செட் போன், கணினி என்று இரண்டு கருவிகளோடு சேர்வதுதான் மல்டிபாயின்ட். நமக்கு வேண்டியது ஒரு கணினி இரண்டு ஹெட்செட்டுகளோடு சேர்வது. சொல்லப்போனால் மல்டிபாயின்ட் இங்கே இடைஞ்சல்தான். ஹெட்செட் போனையும் பிடித்துக்கொண்டிருந்தால், போனில் ஒரு அறிவிப்பு ஒலித்தாலும் கணினியின் ஒலி நின்றுபோகும். சோதித்துப் பார்க்கும்போது போனில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள்.

எத்தனை ஹெட்செட்டுகள் தாங்கும்?

புளூடூத் விதிப்படி ஒரு அடாப்டரோடு ஒரே சமயத்தில் 7 கருவிகள் இயங்கலாம். ஆனால் அந்த 7 என்பது மவுஸ், கீபோர்டு போலக் கொஞ்சமாகப் பேசும் கருவிகளுக்குச் சரி. பாட்டு ஓயாமல் ஓடும் ஓடை.

கணக்கைப் பாருங்கள். எல்லா ஹெட்செட்டுகளும் ஏற்கும் எஸ்பிசி கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை), வழக்கமான உயர்தரத்தில் விநாடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது. 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் இணைப்பில், எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு திசையில் அனுப்ப முடிவது விநாடிக்கு ஏறக்குறைய 1448 கிலோபிட். ஒரு ஹெட்செட் அதில் கால்பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டு சேர்ந்தால் பாதி. மூன்று என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். தொலைந்துபோன பொட்டலங்களை மறுபடி அனுப்புவதற்கும் மீதமிருக்கும் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். அதனால் இரண்டு ஹெட்செட்டுகள் நிம்மதியாக ஓடும், மூன்று இடம் பொருள் பார்த்து ஓடும், நான்குக்கு இரண்டாவது அடாப்டர் வாங்குவதே நல்லது.

என் கணினியில் இருப்பது பல்ஸ்ஆடியோவா, பைப்வயரா?

டெர்மினலில் பி-ஏ-சி-டி-எல் என்ற ஐந்து எழுத்துகளையும் இடைக்கோடு இல்லாமல் சேர்த்து எழுதி, இடம் விட்டு இன்ஃபோ என்று எழுதுங்கள். வரும் வரிகளில் சர்வர் பெயர் என்ற வரியில் பைப்வயர் என்ற சொல் இருந்தால் பைப்வயர். ஃபெடோரா 34 முதல், உபுண்டு 22.10 முதல், லினக்ஸ் மின்ட் 22 முதல் பைப்வயர்தான் இயல்பிருப்பு. டெபியன் 12-இன் க்னோம் மேசைத்தளத்திலும் அதுவே. உபுண்டு 22.04-இல் இன்னும் பல்ஸ்ஆடியோ.

டெபியன், உபுண்டு வகைகளில் புளூடூத் ஒலிக்குத் தனிப் பொதி உண்டு: பைப்வயருக்கு லிப்ஸ்பா-0.2-புளூடூத், பல்ஸ்ஆடியோவுக்கு பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத். ஹெட்செட் ஜோடி சேர்ந்தும் "ப்ரொஃபைல் அனவெய்லபிள்" என்று பிழை காட்டி இணைய மறுத்தால், இந்தப் பொதி இல்லாததே முதல் சந்தேகம். எந்த ஒலிச்சேவை ஓடுகிறதோ அதற்குரிய பொதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பது எப்படி?

ஜோடி சேர்ப்பதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதல் ஹெட்செட்டை ஜோடிசேர்க்கும் நிலைக்குக் கொண்டுவந்து, கணினியின் புளூடூத் அமைப்பிலோ புளூமேன் நிரலிலோ சேருங்கள். அது பாட ஆரம்பித்ததும் இரண்டாவதற்குப் போங்கள். புளூமேனில் இரண்டுக்கும் "டிரஸ்ட்" கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்செட்டை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கைமுறையாக இணைக்க வேண்டியிருக்கும்.

இரண்டும் ஒரே மாடல் என்றால் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் நிற்கும். புளூமேனில் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. "சிவப்பு", "கறுப்பு" என்று வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பம் பாதி குறையும்.

அடுத்து ஒலியளவையும் வெளியீடுகளையும் கையாளும் பாவுகன்ட்ரோல் நிரலை நிறுவித் திறந்து, "கான்ஃபிகரேஷன்" தாவலுக்குப் போங்கள். இரண்டு ஹெட்செட்டுகளுக்கும் பாட்டுக்கான ஏ2டிபி என்ற ப்ரொஃபைல் தேர்வாகியிருக்க வேண்டும். எச்எஃப்பி அல்லது எச்எஸ்பி என்று இருந்தால் அது தொலைபேசி அழைப்புக்கான நிலை. பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இரண்டையும் ஒன்றாக்குவது எப்படி?

மூன்று வழிகள் உண்டு.

மிகச் சுலபமானது பேப்ரெஃப்ஸ் என்ற சிறு நிரல். அதில் "சைமல்டேனியஸ் அவுட்புட்" என்ற தாவலில் ஒரே ஒரு தேர்வுப்பெட்டி. அதை டிக் செய்தால், எல்லா ஒலிக்கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் புதிய வெளியீடு ஒன்று பட்டியலில் தோன்றும். அதைத் தேர்ந்தெடுங்கள். "எல்லா" என்றால் உண்மையிலேயே எல்லாம்தான்: மடிக்கணினியின் ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும். பாவுகன்ட்ரோலில் ஸ்பீக்கரை மட்டும் மியூட் செய்துவிடுங்கள். சில கணினிகளில் இந்தத் தேர்வுப்பெட்டி சாம்பல் நிறத்தில் செயலற்று நிற்கும். அப்போது அடுத்த வழிக்குப் போங்கள்.

இரண்டாவது டெர்மினல் வழி. நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் எந்தக் கருவிகள் சேர வேண்டும் என்பதை நீங்களே சொல்கிறீர்கள். முதலில் பி-ஏ-சி-டி-எல், லிஸ்ட், ஷார்ட், சிங்க்ஸ் என்ற நான்கு சொற்களை இடைவெளி விட்டு எழுதுங்கள். வரும் பட்டியலில் புளூஸ் (கடைசி எழுத்து இசட்) என்று தொடங்கி, ஹெட்செட்டின் முகவரியைத் தாங்கிய இரண்டு பெயர்கள் இருக்கும், இரண்டையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பி-ஏ-சி-டி-எல், லோட்-மாட்யூல், மாட்யூல்-கம்பைன்-சிங்க் என்று எழுதி, அதே வரியில் ஸ்லேவ்ஸ் என்ற சொல், சமக்குறி, முதல் பெயர், காற்புள்ளி, இரண்டாம் பெயர். சமக்குறிக்கும் காற்புள்ளிக்கும் இருபுறமும் இடம் விடக் கூடாது. இந்தக் கட்டளை தவறிப்போகும்போதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியே காரணம். சரியாக நடந்தால் திரையில் ஓர் எண் மட்டும் வரும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால், பின்னால் அன்லோட்-மாட்யூல் என்ற சொல்லோடு அந்த எண்ணைக் கொடுத்துக் கூட்டு வெளியீட்டை நீக்கலாம்.

மூன்றாவது வழி பைப்வயருக்கு மட்டும். கியூ-பி-டபிள்யூ-கிராஃப் (இதிலும் இடைக்கோடு இல்லை) என்ற நிரல், ஒலி ஓடும் பாதைகளைப் பெட்டிகளும் கம்பிகளுமாகக் காட்டும். பாட்டை ஓட விட்டு, பிளேயர் பெட்டியின் இடது, வலது முனைகளிலிருந்து இரண்டாவது ஹெட்செட்டின் இடது, வலது முனைகளுக்கும் மவுஸால் கம்பி இழுத்துவிடுங்கள். பாட்டை நிறுத்தினால் அந்தக் கம்பிகள் மறையலாம். அதே நிரலில் உள்ள பேட்ச்பே வசதியில் சேமித்து, அதை இயக்கத்தில் வைத்திருந்தால் அடுத்த முறை தானே இணைத்துக்கொள்ளும்.

கணினியை மறுபடி தொடங்கினால் கூட்டு வெளியீடு காணாமல் போகிறதே?

டெர்மினலில் கொடுத்த கட்டளை அந்த அமர்வுக்கு மட்டும்தான். பல்ஸ்ஆடியோவில் அதே லோட்-மாட்யூல் வரியை, பி-ஏ-சி-டி-எல் என்ற முதல் சொல் இல்லாமல், டிஃபால்ட்-புள்ளி-பிஏ என்ற அமைப்புக் கோப்பின் கடைசியில் சேர்க்கலாம். பைப்வயரில் பைப்வயர்-பல்ஸ் சேவைக்கான அமைப்புக் கோப்பில், தொடக்கத்தில் ஓட வேண்டிய கட்டளைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே சேர்க்க வேண்டும்.

இந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லையா? அந்த ஒரு வரியை ஷெல் ஸ்கிரிப்டாகச் சேமித்து, மேசைத்தளத்தில் ஓர் ஐகானாக வையுங்கள். இரண்டு ஹெட்செட்டுகளையும் போட்ட பிறகு அதை அழுத்தினால் போதும். கணினி தொடங்கும் நேரத்தில் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் அணைந்தே இருக்கும் என்பதால் இதுதான் தொந்தரவு குறைந்த ஏற்பாடு.

ஒரு ஹெட்செட்டில் சத்தம் அதிகம், இன்னொன்றில் குறைவு. சரிசெய்வது எப்படி?

கூட்டு வெளியீட்டுக்கு ஒரு ஒலியளவு, ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் தனித்தனி ஒலியளவு என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. பாவுகன்ட்ரோலின் "அவுட்புட் டிவைசஸ்" தாவலில் ஒவ்வொரு ஹெட்செட்டையும் அவரவர் காதுக்குத் தகுந்தபடி வைத்துவிட்டு, அதன் பிறகு கூட்டு வெளியீட்டை மட்டும் ஏற்றி இறக்குங்கள். காது கொஞ்சம் மந்தமான பெரியவரோடு சேர்ந்து படம் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மையே இதுதான்.

இரண்டு ஹெட்செட்டுகளுக்கும் இடையே ஒலி முன்பின்னாக வருகிறதே?

ஒவ்வொரு ஹெட்செட்டும் ஒலியை வாங்கித் தன்னிடம் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் ஒலிக்கிறது. இந்தத் தாமதம் எஸ்பிசியில் பொதுவாக 150 முதல் 250 மில்லிவிநாடி வரை இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் பிரச்சினை பெரும்பாலும் எழாது.

பாட்டு மட்டும் கேட்பதென்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம். ஆளுக்கு ஒரு ஹெட்செட். பக்கத்தில் இருப்பவருக்கு 50 மில்லிவிநாடி பிந்திக் கேட்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் பார்க்கும்போதுதான் உதட்டசைவு காட்டிக்கொடுக்கும். பாவுகன்ட்ரோலில் அந்த ஹெட்செட்டின் கீழே "அட்வான்ஸ்டு" பகுதியில் "லேட்டன்சி ஆஃப்செட்" என்ற எண்பெட்டி இருக்கிறது. பிந்தி ஒலிக்கும் ஹெட்செட்டுக்கு 50 போன்ற நேர்ம எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். "இந்தக் கருவி நீ நினைப்பதைவிட இவ்வளவு தாமதமானது" என்று ஒலிச்சேவைக்கு அது சொல்கிறது. 20, 20 ஆகக் கூட்டிக் குறைத்துப் பொருத்துங்கள். பைப்வயரின் கம்பைன்-ஸ்ட்ரீம் மாட்யூலை அமைப்புக் கோப்பு வழியாகப் பயன்படுத்துபவர்கள், அதில் லேட்டன்சி-காம்பன்சேட் என்ற தெரிவை இயக்கலாம். இயல்பில் அது அணைந்திருக்கும்.

இரண்டு பேருக்குமே படத்தைவிட ஒலி பிந்துகிறது என்றால் பிளேயரிலேயே திருத்துங்கள். விஎல்சியில் ஜே விசை ஒலியை 50 மில்லிவிநாடி முன்னே இழுக்கும், கே விசை பின்னே தள்ளும்.

ஒலி விட்டுவிட்டு வருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் புளூடூத் அமைப்புச் சாளரத்தை மூடுங்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் அந்தச் சாளரம் திறந்திருக்கும்வரை கணினி புதிய கருவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் ரேடியோவின் நேரத்தை விழுங்குகிறது. இரண்டாவது ஹெட்செட் இணையும்போது ஓரிரு விநாடி தடங்கல் வருவதும் இதே காரணத்தால்தான், அது இயல்பு.

அடுத்து வைஃபை. புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலான மடிக்கணினிகளில் இரண்டும் ஒரே அட்டையில் இருக்கின்றன. பல சமயம் ஆன்டெனாவும் பொது. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்புக்கு மாறிப் பாருங்கள். மாற வழியில்லையென்றால், சோதனைக்காக லேன் கேபிளைச் செருகி வைஃபையை அணையுங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி யார் என்பது உறுதி.

மூன்றாவது கோடெக். எல்டாக் கோடெக்கின் உச்ச தரம் விநாடிக்கு 990 கிலோபிட். இரண்டு ஹெட்செட்டுக்கு 1980. மேலே சொன்ன 1448-ஐ அது தாண்டிவிடுகிறது, பிறகு எங்கே ஓடும்? பாவுகன்ட்ரோலின் கோடெக் பட்டியலில் எஸ்பிசி அல்லது ஏஏசி தேர்ந்தெடுங்கள். எஸ்பிசி-எக்ஸ்கியூ என்ற உயர்தர வகையும் விநாடிக்கு ஏறக்குறைய 552 கிலோபிட் கேட்கும். இரண்டு ஹெட்செட்டுகளுக்கு அது ஆடம்பரம். தனியாகக் கேட்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, இணைப்பை யார் தொடங்கினார் என்று பாருங்கள். புளூடூத்தில் அழைத்தவரே இணைப்பின் தலைவர். ஹெட்செட்டின் பொத்தானை அழுத்தி அதுவாகக் கணினியைத் தேடி வந்தால், சில சமயம் தலைமை ஹெட்செட்டிடமே தங்கிவிடும். அப்போது அடாப்டர் ஒரு கூட்டத்தில் தலைவராகவும் இன்னொரு கூட்டத்தில் உறுப்பினராகவும் இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே தாவ வேண்டியிருக்கிறது. இரண்டையும் துண்டித்து, இரண்டையும் கணினியின் பக்கமிருந்தே இணைத்துப் பாருங்கள். நேற்று நன்றாக ஓடியது இன்று காரணமில்லாமல் கரகரத்தால் பல சமயம் விடை இங்கே இருக்கும்.

யுஎஸ்பி டாங்கிள் வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

டாங்கிள் என்பது யுஎஸ்பியில் செருகும் புளூடூத் அடாப்டர். அதற்குள் இருக்கும் சிப்தான் முக்கியம். சிஎஸ்ஆர்8510 என்று சொல்லி விற்கப்படும் மிக மலிவான டாங்கிள்களில் போலிகள் ஏராளம். லினக்ஸ் கெர்னலில் போலிகளுக்கென்றே தனித் திருத்தங்கள் எழுதிவைக்கும் அளவுக்கு ஏராளம். புளூடூத் 5 வகைகளில் ரியல்டெக் 8761பி குடும்பம் பரவலாகக் கிடைக்கிறது. லினக்ஸில் அது ஓட ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) வேண்டும். டெபியனில் ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்ற பொதியில் அது இருக்கிறது.

டாங்கிளை நேராக நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை உண்டாக்கும். பக்கத்தில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடினால் இன்னும் மோசம். ஒரு மீட்டர் நீள யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் மாட்டி, மேசைமேல் ஹெட்செட்டுகளுக்கு நேர்ப்பார்வையில் வையுங்கள். இந்த ஒரு கேபிள் செய்யும் வேலையை எந்த மென்பொருள் மாற்றமும் செய்யாது.

இரண்டு அடாப்டர்களை ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆளுக்கு ஒரு ரேடியோ என்று ஆகிவிடுவதால் வானலைப் பங்கீட்டுச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனால் க்னோமின் அமைப்புச் சாளரம் ஒரு அடாப்டரைத்தான் கையாளும். புளூமேனில் அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும் பட்டி இருக்கிறது. டெர்மினலில் புளூடூத்சிடிஎல் நிரலுக்குள் லிஸ்ட், செலக்ட் என்ற கட்டளைகள் இருக்கின்றன. ஜோடிசேர்ந்த சாவி அந்தந்த அடாப்டரின் முகவரியின் கீழ்தான் சேமிக்கப்படும். ஆகவே உள் அடாப்டரோடு ஜோடிசேர்ந்த ஹெட்செட்டை டாங்கிளுக்கு மாற்ற, பழைய ஜோடியை நீக்கிவிட்டு டாங்கிளில் புதிதாகச் சேர்க்க வேண்டும். கூட்டு வெளியீட்டுக்கு எது எந்த அடாப்டரில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை.

இரண்டு ஹெட்செட்டுகளின் மைக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். நடக்குமா?

ஒரே அடாப்டரில் வேண்டாம். மைக் திறந்ததும் ஹெட்செட் ஏ2டிபியை விட்டு எச்எஃப்பிக்கு மாறிவிடும்: ஒலி ஒற்றைத் தடமாகி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு இறங்கும். அழைப்பு ஒலிக்கென்று வானலையில் நிலையான இடமும் ஒதுக்கப்படும். அடுத்த ஹெட்செட்டின் பாட்டு அதனால் நசுங்கும். இரண்டு மைக்குகளும் திறந்தால் யுஎஸ்பி பக்கமும் இடிக்கும். 16 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இரண்டு அழைப்பு ஓடைகளை ஒரே டாங்கிள் வழியாக நம்பகமாகக் கொண்டுபோக முடிவதில்லை. இரண்டு மைக்கும் வேண்டுமென்றால் இரண்டு அடாப்டர். பிறகு கியூ-பி-டபிள்யூ-கிராஃபில் இரண்டு மைக் பெட்டிகளிலிருந்தும் அழைப்பு நிரலின் உள்ளீட்டுக்குக் கம்பி இழுக்கலாம்.

இதைவிட நல்லது, இரண்டு பேரும் ஹெட்செட்டில் கேட்கட்டும். பேசுவதற்கு மேசை நடுவில் ஒரு யுஎஸ்பி மைக்கோ மடிக்கணினியின் மைக்கோ போதும். ஹெட்செட்டுகள் ஏ2டிபியிலேயே நிற்கும், எதிர்முனையில் கேட்பவருக்கும் குரல் தெளிவாக இருக்கும்.

வீடியோ அழைப்பைத் திறந்தாலே ஹெட்செட் தானாக மட்டமான ஒலிக்கு மாறுகிறதே?

நிரல் மைக்கைக் கேட்டதும், பைப்வயரோடு சேர்ந்து இயங்கும் வயர்பிளம்பர் தானாக எச்எஃப்பிக்கு மாற்றுகிறது. அமைப்பில் இயல்பு உள்ளீடாகக் கணினியின் சொந்த மைக்கையோ யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். அழைப்பு நிரலுக்குள்ளும் அதையே தேர்ந்தெடுங்கள். அப்படியும் மாறினால் வயர்பிளம்பரின் அமைப்பில் ஆட்டோஸ்விட்ச் என்று தொடங்கும் புளூடூத் தெரிவை அணைத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு ஒலி என்று பிரிக்க முடியுமா?

அது இன்னும் சுலபம்; கூட்டு வெளியீடே வேண்டாம். பாவுகன்ட்ரோலின் "பிளேபேக்" தாவலில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே எந்த வெளியீடு என்று தேர்ந்தெடுக்கலாம். உலாவி ஒருவருக்கு, பாட்டு பிளேயர் இன்னொருவருக்கு. வானலைச் செலவு மட்டும் முன்போல அதேதான்.

புதிய எல்இ ஆடியோ வந்தால் இதெல்லாம் தேவைப்படாதா?

புளூடூத் 5.2-இல் வந்த அடித்தளத்தின் மேல் நிற்பது எல்இ ஆடியோ. அதன் ஆராகாஸ்ட் முறையில் கணினி ஒரே ஓடையை ஒலிபரப்பும்; எத்தனை ஹெட்செட்டுகள் கேட்டாலும் வானலைச் செலவு ஒன்றுதான். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸீயிலும் பைப்வயரிலும் அதற்கான நிரல்வரிகள் வந்திருக்கின்றன, ஆனால் பல விநியோகங்களில் சோதனை வசதிகளைக் கைமுறையாகத் திறக்க வேண்டும். அடாப்டர், ஃபர்ம்வேர், ஹெட்செட் மூன்றும் அதை ஆதரிக்கவும் வேண்டும். இப்போதைக்கு இதை நம்பி ஹெட்செட் வாங்காதீர்கள்.

எதுவுமே சரிப்படவில்லை. மாற்று வழி?

3.5 மிமீ துளையில் செருகும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர்களில், இரண்டு ஹெட்செட்டுகளோடு ஒரே நேரத்தில் சேரும் வகை உண்டு. வாங்கும்போது இரட்டை இணைப்பு இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கணினிக்கு அது வெறும் காதுத்துளை. இயக்கி வேண்டாம், கட்டளை வேண்டாம், எந்த லினக்ஸ் ஆனாலும் ஒன்றுதான். அதன் வழியே மைக் வராது, கோடெக்கை மாற்றவும் முடியாது. இரவில் இருவர் சேர்ந்து படம் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், டெர்மினலைத் திறப்பதற்கு முன்பே இதை யோசித்துப் பாருங்கள்.